கோடை இடியும் தமிழ்த் தொழிலாளர்களும்

பங்குனி முடிந்து சித்திரை பிறக்கும் வேளையில் திருச்சானூர், திருப்பதி, சித்தூர் வட்டாரத்துத் தமிழர்கள் வெயிலைப் பற்றித்தான் பேசிக்கொள்கிறார்கள். கத்திரி எப்போது தொடங்கும், தண்ணீர் எத்தனை நாளைக்கு வரும், ஊருக்குப் போக ரயிலில் இடம் கிடைக்குமா என்பவையே பேச்சு. மழையைப் பற்றிய கவலை ஐப்பசி, கார்த்திகைக்கு உரியது என்று எல்லோரும் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். 2021 நவம்பரில் சுவர்ணமுகி பெருக்கெடுத்துக் கரையோர வீடுகளை அரித்ததைக் கண்ணால் கண்டவர்களுக்கு அந்த எண்ணம் இருப்பது இயல்பே. ஆனால் சித்திரை, வைகாசியில் மாலை வேளைகளில் வருகிற இடிமழை வேறு வகையைச் சேர்ந்தது. அது ஊரை அடித்துக்கொண்டு போவதில்லை. வயலில் ஒருவர், கட்டடத்தின் மேல் ஒருவர், மரத்தடியில் இருவர் என்று ஆளைத் தேடி எடுத்துக்கொண்டு போகிறது. ஒன்று இரண்டாக நிகழும் சாவு பத்திரிகையில் நாலு வரிச் செய்தியோடு முடிந்துவிடுகிறது.

அந்த நாலு வரிகளைக் கூட்டிப் பார்த்தால்தான் கணக்கு தெரியும். தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் புள்ளிவிவரப்படி 2022-ஆம் ஆண்டில் இந்தியாவில் மின்னல் தாக்கி மாண்டவர்கள் 2,887 பேர். அவர்களில் பெரும்பாலோர் வெட்டவெளியில் உழைத்துப் பிழைப்பவர்கள். ஆந்திர மாநிலத்தில் 2018 ஏப்ரல் 24-ஆம் தேதி ஒரே நாளில், பதின்மூன்று மணி நேரத்துக்குள், 36,749 மின்னல்கள் பதிவாயின. அதற்கு அடுத்த வாரமே வட இந்தியாவில் புழுதிப் புயலும் இடியும் சேர்ந்து நூற்றுக்கும் மேற்பட்டோரைப் பலி கொண்டன. திருப்பதி நகரத்துக்கே வந்தால், 2023 ஜூன் 1-ஆம் தேதி மாலை திடீரென்று வீசிய சூறைக்காற்றில் கோவிந்தராஜ சுவாமி கோயில் வளாகத்தில் இருந்த பழமையான பெரிய மரம் வேரோடு சாய்ந்து ஒருவர் உயிரிழந்தார், சிலர் காயமுற்றனர். காலையில் வெயில் கொளுத்திய நாள்தான் அதுவும்.

இந்த இடிமழை எங்கிருந்து வருகிறது என்பதில் மர்மம் ஏதும் இல்லை. ராயலசீமையின் பாறைப் பூமி பகல் முழுவதும் காய்கிறது. தரையை ஒட்டிய காற்று சூடேறி மேலே கிளம்புகிறது. வங்கக் கடலிலிருந்து ஈரக் காற்று கிழக்கே இருந்து உள்ளே வருகிறது. மேற்கே தக்காணத்திலிருந்து உலர்ந்த சுடுகாற்று வருகிறது. இரண்டும் மோதுகிற கோடு பல நாட்களில் மராத்வாடா, கர்நாடகம் வழியாகத் தமிழ்நாட்டின் உட்பகுதி வரை நீண்டு கிடக்கும். போதாக்குறைக்குச் சேஷாசலம் மலைத் தொடர் குறுக்கே நின்று ஈரக் காற்றை மேலே தள்ளுகிறது. பிற்பகல் இரண்டு மணிக்குப் பஞ்சுப் பொதி போல் இருந்த மேகம் நாலு மணிக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்துக்கு வளர்ந்துவிடும். அதற்குள் பனித்துகளும் ஆலங்கட்டியும் உராய்ந்து மின்னேற்றம் பெறுகின்றன. மழைத் துளி விழுவதற்கு முன்பே மின்னல் இறங்கலாம். மழை வந்தால் ஒதுங்கிக்கொள்ளலாம் என்று காத்திருப்பவர் ஏமாந்துபோவது இதனால்தான்.

இதை முன்கூட்டிச் சொல்ல முடியாதா என்று கேட்பவர்கள் உண்டு. ஓரளவு முடிகிறது. பிப்ரவரி முடியும் தறுவாயில் இந்திய வானிலை ஆய்வுத் துறை மார்ச் முதல் மே வரையிலான கோடைக் காலக் கணிப்பை வெளியிடுகிறது. வெயில் வழக்கத்தைவிட அதிகமா, மழை குறைவா கூடுதலா என்று அதில் தெரியும். வியாழக்கிழமைதோறும் அடுத்து வரும் வாரங்களுக்கான கணிப்பு வருகிறது. தினந்தோறும் மாவட்டவாரியாக எச்சரிக்கை உண்டு. கடைசியாக, மேகம் திரண்ட பிறகு ராடாரைப் பார்த்து அடுத்த மூன்று மணி நேரத்துக்கு மட்டும் சொல்லப்படும் உடனடி எச்சரிக்கை உண்டு. உயிரைக் காப்பது இந்தக் கடைசி எச்சரிக்கைதான். கோடைக் கணிப்பில் 'மழை குறைவு' என்று இருந்தால் இடியும் குறைவு என்று நினைத்துவிடக் கூடாது. ஒரு மாதத்து மழை முழுவதும் இரண்டே மாலைகளில் இடியோடு கொட்டித் தீர்ப்பதும் உண்டு.

விஞ்ஞான வசதிக்கும் இந்தப் பக்கத்தில் குறைவில்லை. ஸ்ரீஹரிகோட்டாவிலும் சென்னையிலும் டாப்ளர் ராடார்கள் இருக்கின்றன. திருப்பதியிலிருந்து சித்தூர் போகிற வழியில் கடங்கியில் விண்வெளித் துறையின் தேசிய வளிமண்டல ஆராய்ச்சிக் கூடம் இருக்கிறது. 1,024 ஆன்டெனாக்களைக் கொண்ட அதன் பெரிய ராடார் தொண்ணூறுகளிலிருந்து இந்த வானத்தைத்தான் ஆராய்ந்து வருகிறது. பஸ்ஸில் அந்தப் பக்கம் போகிற நம்மவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்பது வேறு விஷயம். மின்னல் விழுகிற இடத்தைக் கண்டறியும் கருவிகளும், அதை ஒட்டிக் கைப்பேசியில் எச்சரிக்கும் 'தாமினி' என்ற வசதியும் வந்துவிட்டன. ஆந்திர அரசின் பேரிடர் மேலாண்மை அமைப்பு கைப்பேசிக்குக் குறுஞ்செய்தியும் அனுப்புகிறது.

குறை இருப்பது அந்தச் செய்தி கடைசி ஆளைப் போய்ச் சேருகிற இடத்தில். செய்தி தெலுங்கில் வருகிறது. இங்கே கொத்தனாராகவும் சித்தாளாகவும் கம்பி கட்டுபவராகவும் மாந்தோப்பில் காய் பறிப்பவராகவும் வேலை செய்யும் தமிழர்களில் பலருக்குத் தெலுங்கு பேச வரும், படிக்க வராது. எழுத்து தெரியாத செய்தி விளம்பரத்தோடு விளம்பரமாக அழிக்கப்படுகிறது. யாராவது படித்துச் சொன்னாலும் ஒரு சங்கடம் இருக்கிறது. "பிடுகுலு படே அவகாசம் உந்தி" என்பது அந்தச் செய்தியில் வழக்கமாக வரும் வாசகம். தெலுங்கில் அவகாசம் என்றால் வாய்ப்பு. மின்னல் விழக்கூடும் என்பது பொருள். தமிழ்நாட்டிலிருந்து புதிதாக வந்தவர் காதில் அது எப்படி விழும்? இடி விழ இன்னும் அவகாசம் இருக்கிறது, கையில் உள்ள வேலையை முடித்துவிட்டு இறங்கலாம் என்றுதான் விழும். இரண்டு மொழிக்கும் பொதுவான ஒரு சொல் இப்படி ஆளைக் கவிழ்த்துவிடும் என்று அனுப்புகிற அதிகாரிகள் நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள்.

திருமலையில் தமிழ் இல்லாத இடமில்லை. பலகைகளில் தமிழ் இருக்கிறது. காணாமற்போன குழந்தையைப் பற்றி ஒலிபெருக்கியில் தமிழிலும் சொல்கிறார்கள். பக்தராக வரும் தமிழருக்கு அவர் மொழியில் பேசத் தெரிந்த ஊர், அதே ஊரில் சாரத்தின் மேல் நிற்கும் தமிழருக்கு மட்டும் ஏன் பேசக் கூடாது? நகரி, புத்தூர், சத்தியவேடு, சித்தூர், குப்பம் போன்ற எல்லைப் பகுதிகளிலும் திருப்பதி நகரத்திலும் மின்னல் எச்சரிக்கையைத் தெலுங்கோடு தமிழிலும் அனுப்புவது பெரிய செலவு பிடிக்கும் காரியம் அல்ல. இரண்டே வரிகள் போதும்: மின்னல் அபாயம், உடனே கட்டடத்துக்குள் போகவும், மரத்தடியில் நிற்க வேண்டாம். இதை மாவட்ட நிர்வாகங்கள் இந்தக் கோடையிலேயே செய்யலாம்.

செய்தி வந்தால் மட்டும் போதுமா என்பது அடுத்த கேள்வி. நாலு மணிக்கு வானம் கறுத்தால் மேஸ்திரி வேலையை நிறுத்துவாரா? கூரைக்குக் கான்கிரீட் போட ஆரம்பித்துவிட்டால் நடுவில் நிறுத்த எந்தக் கான்டிராக்டரும் சம்மதிப்பதில்லை. நிறுத்தினால் அரைநாள் கூலி பிடிபடும் என்று தொழிலாளியும் இறங்கத் தயங்குகிறார். சுற்றிலும் மொட்டைக் கம்பிகள் வானத்தை நோக்கி நிற்க, கையில் இரும்புச் சட்டியோடு இவர் நிற்கிறார். எச்சரிக்கை வந்த நேரத்துக்குக் கூலியைப் பிடிப்பதில்லை என்று மேஸ்திரிகள் ஒப்புக்கொண்டால் பாதி அபாயம் நீங்கும். கோடையில் கூரை வேலையை விடியற்காலையில் தொடங்கிப் பிற்பகல் மூன்று மணிக்குள் முடிப்பது வெயிலுக்கும் நல்லது, இடிக்கும் நல்லது.

தொழிலாளர்களும் சில பழக்கங்களை விட வேண்டும். இடி இடித்தால் 'அர்ஜுனா, அர்ஜுனா' என்று சொல்லும் வழக்கம் பாட்டிமார் கொடுத்தது. சொல்வதில் தப்பில்லை, ஆனால் சொல்லிக்கொண்டே புளியமரத்தடிக்கு ஓடுவதுதான் தப்பு. தனி மரமும், திறந்த தகரக் கொட்டகையும், ஆடு மாடு கட்டிய இரும்புக் கம்பமும் அடைக்கலம் ஆகா. சுவரும் கூரையும் உள்ள வீடு, கதவு மூடிய பஸ் அல்லது ரயில் பெட்டி இவையே பாதுகாப்பு. மின்னலைக் கண்டபின் இடி கேட்கும் வரை எண்ணினால், மூன்று எண்ணிக்கைக்கு ஒரு கிலோமீட்டர். முப்பதுக்குள் கேட்டுவிட்டால் உடனே உள்ளே போக வேண்டும். கடைசி இடி கேட்டு அரை மணி கழித்துத்தான் வெளியே வர வேண்டும். ரேணிகுண்டா, திருச்சானூர், திருப்பதி ரயில் பாதைகளில் மேலே ஓடுவது 25,000 வோல்ட் மின்கம்பி. காற்றில் மரக்கிளை விழுந்து கம்பி தொங்கினால் அருகே போவதும், கழியால் தள்ளிப் பார்ப்பதும் தற்கொலைக்குச் சமம்.

மின்னல் தாக்கியவரைத் தொட்டால் தொட்டவருக்கும் 'ஷாக்' அடிக்கும் என்று பயந்து ஒதுங்கி நிற்கிறார்கள். இது முழுத் தவறு. அவர் உடலில் மின்சாரம் தங்குவதில்லை. பெரும்பாலும் இதயம் நின்று போவதால்தான் சாவு நேர்கிறது. மூச்சில்லை என்றால் மார்பின் நடுவே இரண்டு கைகளாலும் வேகமாக அழுத்திக்கொண்டே 108-க்குச் சொல்ல வேண்டும். செத்தவர் போல் கிடந்தவர்கள் இப்படிப் பிழைத்திருக்கிறார்கள்.

அப்படியும் சாவு நேர்ந்துவிட்டால், இரவோடு இரவாக வேன் பிடித்து உடலை ஊருக்குக் கொண்டுபோய் எரித்துவிடுவது வெளியூரில் பிழைப்பவர்களின் வழக்கம். போலீசில் பதிவும் பிரேத பரிசோதனையும் இல்லாவிட்டால் அரசு நிவாரணம் கேட்க அந்தக் குடும்பத்துக்கு ஆதாரம் இல்லை. வெளிமாநிலத் தொழிலாளர்களுக்காக 1979-இல் இயற்றிய சட்டத்திலேயே, உயிர்ச் சேதம் நேர்ந்தால் இரு மாநில அதிகாரிகளுக்கும் உறவினருக்கும் கான்டிராக்டர் தெரிவிக்க வேண்டும் என்று எழுதி வைத்தார்கள். பேப்பரில் இருந்த அந்தக் கடமையை நிறைவேற்றும்படி கேட்கத் தெரிந்தவர்கள் குறைவு. குமாஸ்தாக்களும் படித்தவர்களும் உள்ள தமிழ்ச் சங்கங்கள் பொங்கல் விழாவுக்கு மட்டும் கூடாமல், இந்த விண்ணப்பங்களை எழுதித் தருவதையும் ஒரு வேலையாக எடுத்துக்கொள்ளலாம்.

அமெரிக்காவில் 1940-களில் மின்னலுக்கு ஆண்டுதோறும் முந்நூறு பேருக்கு மேல் பலியானார்கள். இப்போது இருபது, முப்பது பேர்தான். அங்கே இடி குறைந்துவிடவில்லை. வயலில் நிற்கும் ஆள் குறைந்தது, வீடுகள் உறுதியாயின, எச்சரிக்கை புரியும் மொழியில் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

வைகாசியில் திருச்சானூர் பத்மாவதி அம்மன் கோயிலில் மூன்று நாள் வசந்தோற்சவம் வருகிறது. சுக்கிரவாரத் தோட்டத்தில் பிற்பகலில் கூட்டம் சேரும் அந்த நாட்கள் இடிமழை மாதத்தில்தான் விழுகின்றன. உற்சவத்துக்கு என்று கட்டுகிற ஒலிபெருக்கியில், வானம் கறுக்கும்போது தெலுங்கிலும் தமிழிலும் இரண்டு வரி சொல்ல ஒரு ஆளை இப்போதே ஏற்பாடு செய்து வைக்கலாம். கொட்டகையின் தகரத்தையும் தோட்டத்து மரங்களின் பட்டுப்போன கிளைகளையும் சித்திரையிலேயே பார்த்துவிட வேண்டும்.