சக்கரம் கட்டிய பங்களா

வீடு கட்டினவனுக்கு ஒரு கவலை. கார் வாங்கினவனுக்கு ஒரு கவலை. இரண்டையும் ஒன்றாக்கி ஒரே சாவியில் வாங்கி வைத்திருப்பவருக்கு எத்தனை கவலை? இந்தக் கணக்குக்கு விடை வேண்டுமானால் நீங்கள் என் சகலையைத்தான் பார்க்க வேண்டும்.

சகலை இருப்பது அமெரிக்காவில், அரிஸோனா மாநிலத்து ஃபீனிக்ஸ் நகரில். கம்ப்யூட்டர் கம்பெனியில் முப்பது வருஷம் உழைத்து ரிடையர் ஆனவர். நம்மூர்க்காரர்கள் ரிடையர் ஆனால் காசி, ராமேஸ்வரம் போவார்கள். இவர் ஒரு மோட்டார்ஹோம் வாங்கிவிட்டார். 2015 மாடல், செகண்ட் ஹாண்ட்.

2024 ஆகஸ்டில் நானும் என் சகதர்மிணியும் போய் இறங்கியபோது அது வாசலில் நின்றுகொண்டிருந்தது. யாரோ திருப்பதிக்கு ஆம்னி பஸ் பிடித்திருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். 40 அடி நீளம். 15 டன் எடை. டீசல் இன்ஜின் பின்பக்கம். உள்ளே ஏறினால் சோஃபா, சமையல்கட்டு, ஷவர், ராஜா தூங்குகிற மாதிரி கட்டில்! ஒரு பட்டனை அமுக்கினார். ஹால் சுவரே மெதுவாக வெளியே நகர்ந்து ஹால் பெரிசாகிவிட்டது. மயிலாப்பூரில் இப்படி ஒரு பட்டன் கிடைத்தால் பக்கத்து வீட்டுக்காரர் கேஸ் போட்டுவிடுவார்.

"மைலேஜ் எப்படி?" என்றேன். தமிழன் கேட்கும் முதல் கேள்வி அதுதானே?

"லிட்டருக்கு மூணு கிலோமீட்டர்" என்றார் பெருமையாக. நான் பெருமூச்சு விட்டேன்.

பிறகு வண்டியின் அடிவயிற்றைத் திறந்து காட்டினார். மூன்று தொட்டிகள். ஒன்று நல்ல தண்ணீர். இரண்டாவது குளித்த, கழுவிய தண்ணீர் சேரும் சாம்பல் தொட்டி. மூன்றாவது கறுப்புத் தொட்டி. அதில் என்ன சேரும் என்று சொல்ல வேண்டியதில்லை.

"இதுல ஒரு சாஸ்திரம் இருக்கு, சகலை. காலி பண்ணும்போது முதல்ல கறுப்பு, அப்புறம் சாம்பல். அப்பத்தான் சோப்புத் தண்ணி போய் குழாயைக் கழுவிவிடும். அது மட்டுமில்லே, நிறுத்தின இடத்துல கறுப்புத் தொட்டி வால்வைத் திறந்தே வெச்சிடக் கூடாது. தண்ணி மட்டும் ஓடிப் போயிடும். மிச்சமெல்லாம் உள்ளே கோபுரம் மாதிரி..."

"காபி சாப்பிடறேன்" என்று நான் நழுவினேன்.

சும்மா சொல்லக்கூடாது, சகலை வண்டியைக் குழந்தை மாதிரி பார்த்துக்கொண்டார். ஆனால் எதைப் பார்த்துக்கொண்டார் என்பதில்தான் கதையே இருக்கிறது.

கோவணத்துக்கு ஆசைப்பட்ட சாமியார் கதை உங்களுக்குத் தெரியும். கோவணத்தை எலி கடித்ததால் பூனை, பூனைக்குப் பாலுக்காகப் பசு, பசுவைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்டாட்டி. சகலைக்குக் கோவணமாக வந்து வாய்த்தது ஃப்ரிட்ஜ்.

வண்டியோடு வந்த பழைய ஃப்ரிட்ஜ் கேஸில் ஓடுவது. அடியில் நெருப்பு எரியும், மேலே ஐஸ் உறையும்! அம்மோனியாவைச் சூடாக்கிக் குளிர் உண்டாக்குகிற வித்தை அது. ஒரே கஷ்டம், வண்டி சமதரையில் நிற்க வேண்டும். சாய்வாக நிறுத்தி ஓட்டினால் ஃப்ரிட்ஜ் கெட்டுப்போகும். 'இது என்ன தொல்லை' என்று வீட்டில் வைக்கிற மாதிரி பெரிய கரெண்ட் ஃப்ரிட்ஜ் வாங்கி வைத்தார்.

கரெண்ட் ஃப்ரிட்ஜுக்கு ராத்திரி பகல் கரெண்ட் வேண்டும். ஆகவே இன்வெர்ட்டர். இன்வெர்ட்டருக்குப் பழைய பாட்டரி போதவில்லை. ஆஸிட் பாட்டரியில் பாதி சார்ஜுக்குக் கீழே இறக்கினால் அதன் ஆயுசு குறைந்துவிடும். ஆகவே லித்தியம் பாட்டரி. லித்தியத்துக்குப் பழைய சார்ஜர் ஒத்துவராது. ஆகவே புது சார்ஜர். வண்டி ஓடும்போது லித்தியம் பாட்டரி கரெண்டைப் பசித்த மாப்பிள்ளை மாதிரி இழுத்துக்கொள்ளும், ஆல்டர்னேட்டர் சூடாகிக் கருகிப் போகலாம். ஆகவே நடுவில் அளந்து ஊற்றுகிற ஒரு சாதனம். இவ்வளவு செய்துவிட்டு சூரியனை விடலாமா? கூரைமேல் சோலார் பலகைகள்!

"ஆக மொத்தம் எவ்வளவு ஆச்சு?" என்றேன்.

"மெதுவாப் பேசுங்க சகலை, அவ காதுல விழும்."

"விழுந்தாச்சு" என்றார் மைத்துனி உள்ளிருந்து. "அந்தப் பணத்துல எனக்கு இன்னொரு சமையல்கட்டே கட்டியிருக்கலாம்."

மறுநாள் அதிகாலை கிராண்ட் கான்யன் கிளம்புவதாகத் திட்டம். சுமார் 370 கிலோமீட்டர். ஃபீனிக்ஸ் இருப்பது 1,100 அடி உயரத்தில், கான்யனின் தெற்கு விளிம்பு 7,000 அடியில். ஒரே ஏற்றம். 'ஒத்திகையாக இருக்கட்டும்' என்று முதல் நாள் ராத்திரி எங்களை பஸ்ஸிலேயே படுக்கச் சொல்லிவிட்டார்.

பாலைவனத்தில் மழை ஏது என்று கேட்காதீர்கள். அரிஸோனாவுக்கும் ஒரு மான்சூன் உண்டு. ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் முடிய எப்போது வேண்டுமானாலும் இடி இடித்துக் கொட்டும். அன்று ராத்திரி இரண்டு மணிக்குக் கொட்டியது.

என் நெற்றியில் சொட்டென்று ஒரு துளி. அப்புறம் ஒன்று. விளக்கைப் போட்ட என் மனைவி, என்னைப் பார்த்து வீல் என்று அலறினாள். முகமெல்லாம் கறுப்பாக ஓடிக்கொண்டிருந்தது!

"ஐயையோ! கறுப்புத் தொட்டி!"

நான் பாத்ரூமுக்கு ஓடினேன். சகலை டார்ச்சோடு ஓடி வந்தார். "கறுப்புத் தொட்டி கீழே இருக்கு சகலை, மேலேருந்து எப்படி ஊத்தும்?" என்று அறிவுபூர்வமாகக் கேட்டார்.

விஷயம் இதுதான். அமெரிக்கா போகிறோமே என்று புறப்படும் முன்தினம் அடியேன் தலைக்கு டை அடித்துக்கொண்டிருந்தேன். பேரம் பேசி வாங்கிய டை. மழையில் கரைந்துவிட்டது.

பொழுது விடிந்ததும் பயணத்தை ஒத்திவைத்து மெக்கானிக்கை வரவழைத்தார்கள். எழுபது வயசு இருக்கும் ஒரு பெரியவர். ஏணி போட்டுக் கூரைமேல் ஏறினவர், இறங்கி வந்து சொன்னதைத் தமிழில் தருகிறேன்.

"சோலார் பலகைக்கு எத்தனை திருகாணி போட்டிருக்கிறாயோ, கூரையில் அத்தனை ஓட்டை. ஒவ்வொன்றின் மேலும் பசை ஊற்றி மூடியிருக்கிறார்கள், சரி. இந்த ஊர் வெயிலில் அந்தப் பசை வெடிக்கும். வருஷத்துக்கு இரண்டு தரமாவது ஏறிப் பார்த்து, வெடித்த இடத்தில் புதுப் பசை ஊற்ற வேண்டும். நீ கடைசியாக எப்போது ஏறினாய்?"

சகலை வானத்தைப் பார்த்தார்.

"தண்ணீர் நுழைந்த இடத்தில் சொட்டாது. உள்ளேயே ஊர்ந்து வேறெங்கோ சொட்டும். சொட்டாமலே மரத்தை உளுக்க வைத்து, வெளிச் சுவர் உப்பிக்கொண்டு வந்தால் சுவரையே பிரிக்க வேண்டும். உன் நல்ல காலம், இந்த மனிதர் தலையில் சொட்டியது."

என் தலை ஒரு காரியத்துக்குப் பயன்பட்டது அதுதான் முதல் தடவை என்றாள் என் மனைவி.

பசை விலை, குழாய்க்குப் பதினைந்து இருபது டாலர். பெரியவர் மறுபடி மேலே ஏறினார். நிற்க.

அந்த ராத்திரி அமளியில் என் செருப்பு ஒன்று வண்டிக்கு அடியில் போயிருந்தது. குனிந்து, படுத்து, முன் சக்கரத்துக்கு உள்பக்கம் கையை நீட்டினேன். கண்ணெதிரே டயரின் பக்கவாட்டில் எண்கள். கடைசி நாலு எண் 2315.

வெளியே வந்து, "சகலை, டயர்ல லாட்டரி நம்பர் மாதிரி 2315ன்னு போட்டிருக்கே, என்ன அது?" என்றேன்.

சகலைக்குத் தெரியவில்லை. ஆனால் ஏணியில் நின்ற பெரியவர் கை அப்படியே நின்றது. இறங்கி வந்தார். என்னைப் போலவே தரையில் படுத்துப் பார்த்தார். எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார்.

"2015-ம் வருஷம், இருபத்து மூன்றாவது வாரம். இந்த டயர் பிறந்த தேதி அது. ஒன்பது வயசு."

"பட்டனைப் பாருங்க! காசை நிறுத்தினா முழுகிடும். வண்டி அதிகம் ஓடலியே!" என்றார் சகலை.

"அதுதான் வம்பு. லாரி டயர் தேய்ந்து சாகும். மோட்டார்ஹோம் டயர் நின்றே சாகும். ரப்பரில் அதைக் காக்கிற மருந்து கலந்திருக்கிறது. சக்கரம் உருண்டு டயர் நெளிந்தால்தான் அது மேலே வரும். வெயிலில் சும்மா நிற்கிற டயர் உள்ளுக்குள்ளேயே இறுகி வெடிக்கும். பட்டன் புதுசாகத்தான் இருக்கும். ஆறு, ஏழு வருஷத்தில் மாற்றிவிடுவது நல்லது. முன் டயர் ஹைவேயில் வெடித்தால் என்ன செய்வாய்?"

"பிரேக் போடுவேன்."

"போட்டால் 15 டன்னும் வெடித்த பக்கம் இழுத்துக்கொண்டு போகும். பிரேக்கைத் தொடக்கூடாது. ஆக்ஸிலேட்டரை ஒரு மிதி மிதித்து, வண்டியை நேராகப் பிடித்து, பிறகு மெதுவாக வேகத்தைக் குறைக்க வேண்டும். இதைப் படித்து மனப்பாடம் பண்ணி வைத்துக்கொள். அதைவிட, டயரை மாற்று."

சகலை பதில் சொல்லவில்லை. வாசல் படியில் உட்கார்ந்துவிட்டார். வெகு நேரம் கழித்து, எனக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னார்.

"போன மாசம்தான் சகலை, பேரப் பசங்க ரெண்டு பேரையும் இதே வண்டியில யெல்லோஸ்டோன் கூட்டிட்டுப் போயிட்டு வந்தேன். பாட்டரி எத்தனை பர்ஸென்ட்னு போன்ல பார்த்துப் பார்த்து ஓட்டினேன். டயரை ஒரு தரம் குனிஞ்சு பார்க்கலை."

மைத்துனி வந்து பக்கத்தில் நின்றார். சண்டை வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை.

"நீங்க ஓட்டும்போதெல்லாம் நான் முன் சீட்ல கண்ணை மூடிக்கிட்டு இருப்பேனே, தூங்கறேன்னு நெனச்சீங்களா? கந்த சஷ்டி கவசம் சொல்லிட்டு இருந்தேன்" என்றார்.

முன்னால் இரண்டு, பின்னால் நாலு, ஆறு டயரும் மாற்ற இரண்டு நாள் ஆயிற்று. ஒரு டயர் ஐநூறு டாலருக்கு மேல். கழற்றிப் போட்ட டயரை சகலை எனக்குக் காட்டினார். வெளியே பளபளப்பு. உள்பக்கத்துப் பக்கவாட்டில், நம் பாட்டிமார் பாதத்துப் பித்தவெடிப்பு மாதிரி வரிவரியாக விரிசல்.

மூன்றாம் நாள் கிராண்ட் கான்யன் போனோம். அதைப் பற்றி எழுத எனக்கு வார்த்தை போதாது. பார்த்தே தீர வேண்டிய பள்ளம். போகும்போது மைத்துனி நிஜமாகவே தூங்கினார், குறட்டை விட்டு!

சகலை இப்போது ஒரு நோட்டுப் போட்டிருக்கிறார். முதல் பக்கத்தில் இருப்பவை: கூரைப் பசை, டயர் வயசு, புறப்படும் முன் ஆறின டயரில் காற்று அளவு, தீயணைப்பான், கேஸ் கசிவு மணி. புது சாமான் ஆசைகளெல்லாம் கடைசிப் பக்கத்தில். முதல் பக்கம் முடிந்தால்தான் கடைசிப் பக்கம் என்று சட்டம். சட்டம் போட்டவர் மைத்துனி.

சென்னைக்குத் திரும்பிய மறுவாரம் இந்தத் தத்துவத்தையெல்லாம் ஒரு நண்பரிடம் விளக்கிக்கொண்டிருந்தேன். "கண்ணுக்குத் தெரியறதை அழகு பண்றோம் சார். உயிரைக் காக்கறது அடியில, கண்ணுக்குத் தெரியாம கிடக்கு. குனிஞ்சு பார்க்க மாட்டேங்கறோம்!" நண்பர் கண் கலங்கிவிட்டார்.

அவர் போனதும் கண்ணாடி முன் நின்று டை பாட்டிலைத் திறந்தேன். இந்த முறை விலை ஜாஸ்தி, கரையாத ரகம்.

பின்னால் குரல் கேட்டது.

"ஷுகர் டெஸ்டுக்கு டாக்டர் சீட்டு எழுதிக் குடுத்து எட்டு மாசம் ஆச்சு. பாட்டிலை மூடுங்க. உங்களுக்கு நாலு நம்பர் பக்கவாட்டில அச்சடிக்கலைன்னா என்ன? 1958 எனக்குத் தெரியும்!"

பாட்டிலை மூடிவிட்டேன். நாளைக் காலை ஆறரைக்கு, வெறும் வயிற்றில், லாபுக்குக் கிளம்புகிறேன்.