நம்ம காசுக்கு எதுக்குங்க ஊர்வலம்?

ஏனுங்க, காந்திபுரத்து டீக்கடையில போனைக் காட்டினா காசு நொடியில போகுது. அதே ஊர்ல, தபாலாபீஸ் பிபிஎஃப் கணக்கை பேங்குக்கு மாத்தோணும்னா விண்ணப்பம், மாதிரிக் கையெழுத்து, நாமினி படிவம், செக்குன்னு ஒரு கட்டு காகிதம் ஊர்வலம் போகோணும்!

1968-ல வந்த திட்டம், நடைமுறையும் அங்கியே நிக்குது.

"முடிச்சுட்டு புதுசா ஆரம்பிங்க"ன்னு யோசனை வேற சொல்லுவாங்க. ஏமாந்துராதீங்க மக்களே! மாத்தினா பழைய கணக்கேதான் தொடரும். 15 வருஷத்தை மறுபடி முதல்ல இருந்து எண்ண வேண்டியதில்ல.

ஆனா ஒண்ணு. 5-ம் தேதிக்குள்ள போட்டாத்தான் அந்த மாச வட்டி. ஏப்ரல்ல கட்டு எங்கியோ தூங்கினா வட்டி போச்சு. நட்டம் யாருக்கு? நமக்குத்தான்! தூங்கவிட்டவங்களே அந்த வட்டியக் கட்டோணும்னு விதி போடட்டும்... அப்பறம் பாருங்க, கட்டு எப்புடி ஓடுதுன்னு!