நினைத்தவுடன் கடலுக்கு

காலையில் நினைத்து மதியம் கடற்கரையில் நிற்கும் தம்பதியை ஊதாரிகள் என்பவர்கள் உண்டு. நான் அதை நகரம் தன் மக்களுக்குத் தர வேண்டிய உரிமையாகவே பார்க்கிறேன். சென்னையில் 1997-இல் மயிலாப்பூர் வரை நீண்ட பறக்கும் ரயில், மெரினாவுக்கு நடந்து போகும் தூரத்தில் இறக்கிவிடுகிறது. மணலில் உட்காரக் கட்டணமும் இல்லை. மாமல்லபுரத்துக்கோ ரயிலே கிடையாது. முன்பே திட்டமிட்டு ஞாயிற்றுக்கிழமை போகலாமே என்பார்கள். ஷிப்டு மாறி மாறி உழைக்கும் இருவருக்கு ஒரே நாளில் ஓய்வு வாய்ப்பதே அபூர்வம், அதுவும் பல நேரம் முதல் நாள் இரவில்தான் தெரியவரும். கடல் ஆபத்தானது என்பது உண்மை. அலையின் இழுப்பு நீச்சல் தெரிந்தவரையும் விடாது. அதற்கு உயிர்காப்பாளர்களை நிறுத்துங்கள், எச்சரிக்கைப் பலகை வையுங்கள். இருட்டியதும் ஜோடிகளை விரட்டுவது எந்த அலையையும் அடக்காது. அவர்களுக்குத் தேவை, வீடு திரும்ப இரவில் இன்னும் சில பேருந்துகள்.