பிஸ்கற் பேணிக்குள் கிடக்கும் குரல்கள்

மல்கிரேவில், வெலிங்டன் வீதிக்கு அண்மையிலுள்ள ஒரு வீட்டில் சில வாரங்களுக்கு முன்னர் முப்பத்தோராம் நாள் காரியம் நடைபெற்றது. நினைவுமலர் அழகாக அச்சாகி வந்திருந்தது. அம்மையாரின் படம், தேவாரம், வம்சாவளி, பேரப்பிள்ளைகளின் கண்ணீர் அஞ்சலி என வழமையான யாவும் அதில் இருந்தன. மதிய போசனம் முடிந்து உறவினர் கலைந்த பின்னர், மூத்த மகள் உள்ளேயிருந்து ஒரு பிஸ்கற் பேணியை எடுத்து வந்து என் முன்னால் வைத்துத் திறந்தார். அதற்குள் பதினொரு மினிடிஸ்க் வட்டுக்கள்.

"அம்மாவின்ர குரல் முழுக்க இதுக்குள்ளதான் இருக்குது அண்ணை. போட்டுக் கேக்கத்தான் ஒண்டும் இல்லை" என்றார்.

1999 தொடக்கம் 2003 வரை அந்தத் தாயார் பேசியவையும் பாடியவையும் அவற்றிலே பதியப்பட்டிருந்தன. பதிவு செய்த கருவி பழுதடைந்து, வீடு மாறியபோது குப்பையோடு போய்விட்டதாம். வட்டுக்கள் மாத்திரம் தப்பியிருந்தன. இந்த நகரின் தென்கிழக்குப் புறத்தில் வாழும் எம்மவரின் எத்தனை வீடுகளில் இத்தகைய பேணிகள் கிடக்கின்றன என்ற எண்ணம் அன்றிலிருந்து என்னை விட்டகலவில்லை. அதனாலேயே இதனை எழுதுகின்றேன்.

இளைய வாசகர்களுக்காகச் சிறு விளக்கம். மினிடிஸ்க் என்பது ஜப்பானின் சோனி நிறுவனம் 1991 இல் அறிவித்து, 1992 இன் இறுதியில் விற்பனைக்குக் கொண்டுவந்த ஒலிப்பதிவு முறை. 64 மில்லிமீற்றர் விட்டமுள்ள சிறு வட்டு ஒன்று பிளாஸ்ரிக் உறைக்குள் அடைபட்டிருக்கும். ஒரு வட்டில் 74 நிமிடம் பதியலாம். பின்னர் 80 நிமிட வட்டுக்களும் வந்தன. பேச்சை மாத்திரம் பதிபவர்கள் ஒற்றை ஒலிவழியில் பதிந்தால் அதே வட்டு இருமடங்கு நேரம் கொள்ளும். சட்டைப் பையில் அடங்கும் கருவி. கசெற்றைப் போல இரைச்சல் இல்லை. வேண்டிய இடத்துக்கு ஒரு நொடியில் தாவலாம். பிழையாகப் பதிந்த பகுதியை வெட்டி நீக்கலாம். தொண்ணூறுகளின் பிற்பகுதியில் வானொலிச் செய்தியாளர்களும் வாய்மொழி வரலாறு சேகரிப்போரும் இதனைத் தோளில் கொழுவிக்கொண்டு திரிந்தமைக்கு இவையே காரணம். எம்மவர்களும் சிங்கப்பூர் வழியாக வருபவர்களிடம் சொல்லிவைத்து இதனை வாங்குவித்தார்கள். அரங்கேற்றம், கோயில் திருவிழா, பாடசாலைப் பேச்சுப்போட்டி ஆகியன இதிலே பதிவாகின. நாதஸ்வரக் கச்சேரியைப் பதிய முயன்றவர்களுக்கு ஒன்று நினைவிருக்கும். ஒலியளவைக் கருவியின் விருப்பத்துக்கு விட்டால், தவில் முழங்கும் ஒவ்வொரு தடவையும் நாதஸ்வரம் கிணற்றுக்குள் இறங்கிவிடும். பதியத் தொடங்குமுன் கையாலே அளவை வைக்கவேண்டும். இல்லையேல் தவிலே வெல்லும்.

எங்கள் வீட்டிலும் ஒன்று இருந்தது, இன்றும் இருக்கின்றது. இதனைக் கையாள்வதில் ஒரு முறைமை உண்டு. பெரும்பாலான கருவிகளில் உள்ளே ஒலிவாங்கி கிடையாது. வட்டுச் சுழலும் ஓசையே பதிவாகிவிடும் என்பதால் தனியான சிறு ஒலிவாங்கியொன்றை வயரிலே பொருத்தி, பேசுபவருக்கு முன்னால் வைக்கவேண்டும். அப்படி வைத்தவுடன் பேசுபவர் நிமிர்ந்து உட்கார்ந்து தொண்டையைச் செருமிக்கொள்வார். பதிவு செய்பவரும் எழுந்து போய்க் குளிர்சாதனப் பெட்டியை நிறுத்துவார், பிள்ளைகளை அடக்குவார். இருக்கும் நேரம் 74 நிமிடம் என்பதால் என்ன கேட்பது என்று முன்கூட்டியே யோசிப்பார். இன்று கைத்தொலைபேசியில் ஆயிரம் பதிவுகள் கிடக்கின்றன. அவற்றுள் எது அப்பாவினது, எது கடைக்காரனோடு வாக்குவாதப்பட்டது என்பதைக் கண்டுபிடிக்க ஒருவராலும் இயலாது. பழைய கருவியைப் புகழ்வது என் நோக்கமன்று. அதன் குறைகளை நன்கறிந்தவன் நான்.

குறைகளுள் மிகக் கொடியதை முதலிற் சொல்லுகின்றேன். பதிவு முடிந்து நிறுத்தியதும் இந்தக் கருவி வட்டின் உள்ளோரத்தில் ஓர் உள்ளடக்க அட்டவணையை எழுதும். எந்தப் பதிவு எங்கே தொடங்கி எங்கே முடிகின்றது என்ற குறிப்பு அது. அதனை எழுதும் சில விநாடிகள் சிறு திரையிலே 'ரீ.ஓ.சி. எடிற்' என்ற எழுத்துக்கள் மின்னும். அதற்குள் மின்கலத்தைக் கழற்றினாலோ கருவி அதிர்ந்தாலோ அட்டவணை எழுதப்படாது. குரல் வட்டில் இருக்கும், ஆனால் இல்லை. 2001 இல் என் மாமா, 1958 கலவரத்தின் பின் கொழும்பிலிருந்து கப்பலேறிக் காங்கேசன்துறையில் வந்திறங்கிய கதையை எழுபது நிமிடம் எனக்குச் சொன்னார். அதுவரையில் எவருக்கும் முழுமையாகச் சொல்லாத கதை. முடிந்ததும் நிறுத்தினேன், மின்கலம் இறங்கிவிட்டதே என்ற அவசரத்தில் உடனே கழற்றினேன். புதியதைப் போட்டுப் பார்த்தால் வட்டு வெறுமை என்றது திரை. மறுவாரம் திரும்பவும் கேட்டேன். "ஒருக்காச் சொன்னது காணும் தம்பி" என்றார். அடுத்த ஆண்டு காலமானார். பிழை முற்றிலும் என்னுடையது. கையேட்டில் எச்சரிக்கை தெளிவாகவே எழுதப்பட்டிருந்தது.

இரண்டாவது குறை கருவியை உருவாக்கியவர்கள் வேண்டுமென்றே வைத்தது. இசைத்தட்டுக்களைப் பிரதிபண்ணிப் பரப்புவார்கள் என்ற அச்சத்தினால், எண்முறையில் எடுத்த ஒரு பிரதியிலிருந்து மீண்டும் எண்முறைப் பிரதி எடுக்க முடியாதபடி பூட்டுப் போட்டார்கள். 2001 இல் கணினியுடன் இணைக்கும் கருவிகள் வந்தபோது மகிழ்ந்தோம். ஆனால் கணினியிலிருந்து பாட்டை வட்டுக்கு அனுப்பலாமேயொழிய, ஒலிவாங்கியால் நாமே பதிந்ததை வட்டிலிருந்து கணினிக்கு எடுக்க வழிவிடவில்லை. சினிமாப் பாட்டுக்குப் போட்ட பூட்டு அம்மம்மாவின் தாலாட்டுக்கும் விழுந்தது. யாருடைய உடைமையை யாரிடமிருந்து காத்தார்கள்? எமது வீட்டுக் கிழவியின் குரலுக்கு எந்த இசைக் கம்பனி உரிமை கோரியிருக்கும்? 2006 இல் சோனி வெளியிட்ட எம்.இசட். ஆர்.எச்.1 என்ற கடைசிக் கருவியிலேதான் பழைய வட்டுக்களை நேரடியாகக் கணினிக்கு மாற்றும் வசதியைத் தந்தார்கள். அதற்குள் உலகம் வேறு கருவிகளுக்குப் போய்விட்டது. அந்த ஒரு மாதிரிக்கே இன்று பழம்பொருட் சந்தையில் யானை விலை.

2011 இல் சோனி கையடக்க மினிடிஸ்க் கருவிகளை அனுப்புவதை நிறுத்தியது. 2013 இல் வீட்டுக் கருவிகளும் நின்றன. 2025 பெப்ரவரியில் வெற்று வட்டுக்களின் உற்பத்தியையும் அந்நிறுவனம் முடித்துக்கொண்டது. இனிமேல் பழுதானதைத் திருத்துவதற்கு, பழுதான இன்னொன்றைப் பிரித்தே உதிரிப்பாகம் எடுக்கவேண்டும். பழைய பாணிப் பொருள்களில் மோகங்கொண்ட இளைஞர்கள் அலங்காரத்துக்காக இவற்றைத் தேடி வாங்குவதனால் விலையும் ஏறிவருகின்றது. இது எமக்கு நல்லதா கெட்டதா என்று எனக்குத் தீர்மானிக்க முடியவில்லை. அவர்கள் வாங்கித் திருத்தி வைத்திருப்பதனால் ஓடும் கருவிகள் சில எஞ்சுகின்றன என்பதும் உண்மையே.

ஆறுதலான செய்தியும் உண்டு. வட்டு எளிதில் அழியாது. பதியும்போது ஒரு பக்கத்திலிருந்து லேசர் ஒளி ஒரு புள்ளியைக் கடுமையாகச் சூடாக்குகின்றது. மறுபக்கத்திலுள்ள காந்தம் அப்புள்ளியின் திசையை மாற்றுகின்றது. சூடு தணிந்ததும் அத்திசை உறைந்துவிடுகின்றது. ஆகவே சாதாரண அறை வெப்பத்தில் சாதாரண காந்தம் அதனை இலகுவில் அசைக்காது. பூஞ்சணம் பிடித்து, இழுபட்டு, ஒட்டிக்கொள்ளும் கசெற் நாடாவின் நிலை இதற்கில்லை. முதலிற் சாவது கருவிதான்.

கசெற்றைப் பற்றிச் சொன்னதால் அதனையும் இங்கே சேர்த்துக்கொள்கின்றேன். 1990 இன் பின்னர் யாழ்ப்பாணத்தில் பொருளாதாரத் தடையின் கீழ் மின்சாரமும் இல்லை, பற்றறியும் இல்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைச் சுற்றி, டைனமோவின் மின்சாரத்தில் வானொலியும் கசெற்றும் கேட்டோம். ஒருவர் சுற்ற, வீடு முழுவதும் சுற்றியிருந்து கேட்கும். சுற்றுபவர் களைத்தால் பாட்டும் களைக்கும். அப்படிப்பட்ட வீடுகளிலிருந்து கடிதத்துக்குப் பதிலாகக் குரலைப் பதிந்து, பயணம் வருபவர்கள் கையில் கொடுத்தனுப்பிய கசெற்றுக்களும் இங்கே எங்கள் அலுமாரிகளில் உள்ளன. 1981 இல் யாழ். பொதுநூலகத்தில் 97,000 நூல்கள் எரிந்ததை ஆண்டுதோறும் நினைவுகூருகின்றோம். அதை எரித்தவர்கள் வேறு யாரோ. அலுமாரியில் கிடப்பது அழிந்தால் யாரிலே பழி போடுவது?

கன்பராவிலுள்ள தேசிய திரைப்பட ஒலி ஆவணக் காப்பகம் 2015 இலேயே எச்சரித்திருந்தது: காந்த நாடாவில் உள்ளவை 2025 இற்குள் எண்முறைக்கு மாற்றப்படாவிடின் பெரும்பகுதி இழக்கப்படும் என்று. நாடா கெடுவது ஒரு காரணம். ஓட்டுவதற்குக் கருவியும் அதனைத் திருத்தத் தெரிந்தவரும் இல்லாமற் போவது மற்றக் காரணம். அரசாங்கக் காப்பகங்களுக்கே இந்தக் கதி என்றால் பிஸ்கற் பேணிகளுக்கு யார் காவல்? அவர்கள் குறித்த காலக்கெடுவும் கடந்துவிட்டது.

என்ன செய்யலாம் என்று கேட்பவர்களுக்கு நான் செய்வதைச் சொல்லுகின்றேன். முதலில் வட்டின் ஓரத்திலுள்ள சிறு தடுப்பைத் தள்ளி, மேற்கொண்டு எதுவும் பதியவோ அழியவோ முடியாதபடி பூட்டவேண்டும். கருவியில் பழைய மின்கலம் கிடந்தால் கழற்றி, கசிந்திருக்கின்றதா என்று பார்க்கவேண்டும். பின்னர் தலையணி செருகும் துளையிலிருந்து ஒரு வயரைக் கணினியின் ஒலி உள்வாங்கும் துளைக்குக் கொடுத்து, வட்டை ஓடவிட்டுப் பதியவேண்டும். 74 நிமிட வட்டுக்கு 74 நிமிடம் செல்லும், குறுக்குவழி இல்லை. ஆனால் அந்த 74 நிமிடமும் யாராவது ஒருவர் அருகிருந்து முழுவதையும் கேட்பார் என்பதை நான் நட்டமாகக் கருதவில்லை. சுருக்கப்பட்ட வடிவத்தில் அல்லாது வேவ் கோப்பாகச் சேமிக்கவேண்டும். மினிடிஸ்க் ஏற்கெனவே ஒலியை ஏறக்குறைய ஐந்தில் ஒன்றாகச் சுருக்கிய பின்னரே பதிந்திருக்கின்றது, மேலும் நசிக்க வேண்டியதில்லை. இரண்டு பிரதி எடுத்து இரண்டு வீடுகளில் வைக்கவேண்டும். பேசியவர் யார், ஊர் எது, ஆண்டு எது என்பவற்றைத் தமிழில் எழுதி வைக்கவேண்டும். அந்தக் கருவிகளின் திரையில் தமிழ் வராது என்பதால் பலர் 'அம்மா 1', 'அம்மா 2' என ஆங்கில எழுத்திலே தட்டி விட்டுவிட்டார்கள். எந்த அம்மா?

எல்லாவற்றையும் எல்லோருக்கும் பகிரவேண்டும் என்று நான் சொல்லவரவில்லை. இதில் என் கருத்துப் பலரிலிருந்து வேறுபடும். 2005 இல் தொடங்கிய நூலகத் திட்டம் நூல்களோடு குரல்களையும் சேகரித்துப் பெறுமதியான பணி செய்துவருகின்றது. ஊர்க்கதைகள், பாடல்கள், தொழில் நினைவுகள் ஆகியவற்றை அங்கே கொடுப்பது நல்லது. ஆனால் அகதிக் குடும்பத்தின் ஒலிப்பதிவில் சொந்தக் கதை மாத்திரம் இருப்பதில்லை. யார் ஒளித்து வைத்தார், யார் படகுக்குக் காசு கொடுத்தார், யார் காட்டிக்கொடுத்தார், யார் இன்னும் அங்கே இருக்கின்றார் என்பதெல்லாம் பேச்சோடு பேச்சாக வந்துவிடும். 2009 இன் பின் வந்தவர்களில் விசா முடிவை எதிர்பார்த்து ஆண்டுக்கணக்காக இருந்தவர்கள் உண்டு. சோதனைச் சாவடியில் அல்பத்தைப் புரட்டிப் பார்த்த கைகளை அவர்கள் மறக்கவில்லை. அப்படிப்பட்டவரிடம் ஒலிவாங்கியை நீட்டுமுன் எதற்காக, யார் கேட்பார்கள் என்பதைச் சொல்லிச் சம்மதம் பெறவேண்டும். வேண்டாம் என்றால் விட்டுவிடவேண்டும். இந்த வகையில் மினிடிஸ்க்குக்கு ஒரு பெருமை உண்டு. அது எவருடனும் தொடர்பற்றது. பேசியது வட்டில் இருக்கும், வட்டு பேணிக்குள் இருக்கும், பேணி வீட்டில் இருக்கும். கைத்தொலைபேசியில் பேசியது எங்கே போய்ச் சேருகின்றது என்று எம்மில் எத்தனைபேர் அறிவோம்?

மேற்சொன்ன அம்மையாரின் பதினொரு வட்டுக்களில் இதுவரை நான்கை மாற்றியுள்ளோம். முதலாவதில் பெரும்பகுதி தொலைக்காட்சி இரைச்சல். இரண்டாவதில் ஒடியற்கூழ் காய்ச்சும் விதத்தை நாற்பது நிமிடம் விளக்குகின்றார். நடுவிலே பேத்தி ஒருத்தி ஆங்கிலத்தில் ஏதோ கேட்க, "தமிழிலை கேள், சொல்லுறன்" என்கின்றார். அந்தப் பேத்தி இப்போது இரண்டு பிள்ளைகளின் தாய். அவவும் அருகிருந்து கேட்டா. நான்காவது வட்டின் கடைசிப் பகுதியில் கருவி ஓரிடத்திலே திக்கி நின்றது. மறுநாள் தானாகவே ஓடியது. ஏன் என்று எனக்குத் தெரியாது. மிகுதி ஏழையும் விரைவாகச் செய்யவேண்டும் என்று அன்றே முடிவெடுத்தோம்.

இதனை வாசிப்பவர்களில் வட்டு வைத்திருந்து கருவி இல்லாதவர்கள் எவராயினும் இப்பத்திரிகை வழியாக என்னுடன் தொடர்புகொள்ளலாம். சனிக்கிழமை பிற்பகல்களில் வீட்டில் நிற்பேன். பணம் வேண்டாம். ஆனால் கருவியை இரவலாகக் கேட்கவேண்டாம். அதனை நான் எவருக்கும் கொடுப்பதில்லை. வட்டையும், அதிலுள்ள குரலை அடையாளம் சொல்லக்கூடிய மூத்தவர் ஒருவரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.