பண்டம் நமது, பெயர் எவரது?

அண்மையில் நண்பரொருவருடன் மதுரை அங்காடித் தெருக்களில் ஒரு பகல் முழுதும் சுற்றிச் சிற்றுண்டிகளைச் சுவைத்தோம். குழிப்பணியாரம் உண்டோம், புட்டு உண்டோம், சுண்டிய பாலும் கடற்பாசியும் நன்னாரிச் சாறும் பனிக்கூழும் கலந்த 'சிகர்தண்டா'வும் பருகினோம். ஈரல் குளிர்வது என்னும் பொருள்படும் அப்பெயர் வடபுலத்தினின்று வந்தது. அதனை 'நெஞ்சுகுளிரி' என்றால் இனிமை குன்றாது. எனினும், பெயரோடு வந்த விருந்தின்மேல் எமக்குச் சினமில்லை.

எம்மை வருத்தியது வேறொன்று. பருத்திக்கொட்டையை ஆட்டிப் பிழிந்த பாலிற் கருப்பட்டியும் சுக்கும் சேர்த்துக் காய்ச்சும் பருத்திப்பாலை ஒரு கடைப் பலகை 'காட்டன் மில்க்' என்றது! எழுத்து தமிழ், சொல் ஆங்கிலம்!

"உண்ணும் பொருட்குப் பெயரில் என்ன?" என்று நண்பர் நகைத்தார். பின் அவரே, "பருத்திப்பால் இரண்டு" என்று கேட்டார். கடை இளைஞன் விழித்தான்; "காட்டன் மில்க்கா?" என்றான். நண்பரின் நகைப்பு நின்றது.

இதே மதுரையில் தேனிறால் போன்ற மெல்லடை விற்ற கூவியரை மாங்குடி மருதனார் மதுரைக்காஞ்சியிற் காட்டுகின்றார். அடை என்னும் அச்சொல் இன்றும் வாழ்கின்றது. அதனைக் காத்தவர் புலவர் மட்டுமல்லர். நாளும் அடை சுட்டு, அடை என்றே வழங்கிய தாய்மார்.

1916-இல் மறைமலையடிகள் தொடங்கிய தனித்தமிழியக்கம் ஏட்டோடு நின்றால் போதுமா? தமிழீர்! கடைக்குச் சென்றால் தமிழ்ப்பெயர் சொல்லிக் கேளுங்கள். விற்பவன் விழித்தால் மீண்டும் சொல்லுங்கள். கேட்பார் வாயில் வாழும் பெயரே பலகையிலும் ஏறும்!