பெயரில்லாத படம் ஆவணம் ஆகாது

லீவுக்கு வந்த பேரன் என் கணினியில் நெருப்புநரி உலாவிக்கு ‘கூலிரிஸ்’ என்ற நீட்சியைப் போட்டுக் கொடுத்தான். முன்பு ‘பிக்லென்ஸ்’ என்று பெயராம், 2008இல் மாற்றினார்களாம். அப்போது கூகுளிலோ ஃபிளிக்கரிலோ படம் தேடினால் பக்கம் பக்கமாகத் திறக்க வேண்டியிருக்கவில்லை. எல்லாப் படங்களும் ஒரு நீண்ட சுவரில் மாட்டியதுபோல் நின்றன. மவுஸை இழுத்தால் சுவர் ஓடியது. சக்கரத்தை உருட்டினால் படம் கிட்டே வந்தது. கண்ணுக்கு விருந்துதான், மறுக்கவில்லை.

“இனிமே படிக்கவே வேணாம் தாத்தா, பாத்துக்கிட்டே போலாம்” என்றான். எனக்கும் அவனுக்கும் தகராறு அந்த இடத்தில்தான்.

புதுவையின் பழைய படங்களைத் தேடினேன். ஓடுகிற சுவரில் ஓர் இரும்புக் கடற்பாலம் தெரிந்தது. 1866இல் கட்டி, 1952 புயலில் போன நம் பாலமேதான் என்று மனம் துள்ளியது. அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்த பாலமாயிற்றே! உடனே அச்செடுத்து, பள்ளிக்கூடக் காலத்து நண்பர் ஒருவரிடம் கொண்டு போய்க் கொடுத்தேன். வெகுநேரம் பார்த்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கூடத்தில் சட்டம் போட்டு மாட்டியும் விட்டார்.

ஒரு வாரம் கழித்துத்தான் அந்தப் படம் இருந்த பக்கத்தைத் திறந்து படித்தேன். அது சென்னைப் பாலம். 1861இல் அங்கே கட்டியது.

தப்பு யாருடையது? என்னுடையதுதான். படத்தைத் தொட்டால் தலைப்பு வரும், அம்புக்குறியை அழுத்தினால் மூலப்பக்கம் திறக்கும் என்று பேரன் வாதாடினான். உண்மைதான். ஆனால் நூறு படம் ஓடுகிற வேகத்தில் எவன் நின்று அழுத்துவான்? ஒரு மணி நேரம் பார்த்தேன், ஒரு வரிகூடப் படிக்கவில்லை. கோப்பு ஓர் அறையிலும் அதன் எண் எழுதிய பதிவேடு அடுத்த அறையிலும் இருந்தால் என்ன நடக்கும் என்பது ஆபீசில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும். பதிவேடு இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. எழுந்து போய்ப் பார்ப்பவர்தான் இருக்கமாட்டார்.

பிரெஞ்சில் படித்த நாம் படத்தின் கீழே எழுதும் வரியை ‘லெஜாந்த்’ என்போம். அதன் இலத்தீன் மூலத்துக்குப் பொருள், ‘படிக்கப்பட வேண்டியவை’. அந்த வரி படத்தின் அலங்காரம் அல்ல, அதன் பாதி உயிர். எந்த ஊர், எந்த வருஷம், யார் எடுத்தது என்று தெரியாத படம் வெறும் வேடிக்கை. அதை ஊர் வரலாறு என்று பேரப்பிள்ளைகளுக்குக் காட்டுவது பொய்ச் சான்றிதழ் கொடுப்பதற்குச் சமம்.

இன்னொரு நஷ்டமும் உண்டு. இப்போது நம் பாலத்தை நினைத்துக் கண்ணை மூடினால் அந்தச் சென்னைப் படம்தான் முன்னே வந்து நிற்கிறது. ஐம்பது வருஷத்துக்கு மேல் காப்பாற்றி வைத்திருந்ததை அரை நிமிஷத்தில் மாற்றி வைத்துவிட்டேன்.

நண்பரிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். “இருந்துட்டுப் போகட்டும்பா, எதுவா இருந்தா என்ன?” என்றார். நான் விடவில்லை. ‘சென்னை’ என்று ஒரு சீட்டில் எழுதி, சட்டத்துக்குக் கீழே ஒட்டிவிட்டுத்தான் வந்தேன். அவருக்கு என்மேல் வருத்தம். இருக்கட்டும்.