அம்மாவின் களைப்பை யார் மொழிபெயர்ப்பது?

எங்கட அம்மாமாருக்கு எப்போதும் களைப்புத்தான். காலையில் வேலை, பின்னேரம் சமையல், சனி ஞாயிறில் கோயிலும் கலியாண வீடும். கேட்டால், "ஒண்டுமில்லை, வயசு போகுது" என்பார்கள்.

என் அம்மாவும் அப்படித்தான் சொன்னா. ரொறன்ரோவில் நாங்கள் இருந்த மாடிவீட்டுப் படியேற மூச்சு வாங்கியது. தலைமயிர் கொட்டியது. ஐஸ் கட்டியைக் கடித்துச் சாப்பிடும் பழக்கம் வந்தது. நாங்கள் பார்த்துச் சிரித்தோம். இரும்புச்சத்து குறைந்தால் அப்படியொரு ஆசை வரும் என்று அப்போது தெரியாது.

வைத்தியரிடம் அவவுக்கு மொழிபெயர்த்தது நான்தான். எனக்கு 14 வயது. மாதவிடாய் அளவுக்கு மிஞ்சிப் போவதை மகனிடம் எப்படிச் சொல்லுவா? "களைப்பெண்டு சொல்லு" என்றா. நானும் அதை மட்டும்தான் சொன்னேன். ஓய்வெடுக்கச் சொல்லி அனுப்பினார்கள். அப்படியே வருடங்கள் போயின.

இரத்தச்சோகை எங்கள் வீடுகளில் இவ்வளவு காலம் ஒளிந்திருப்பதற்கு வெட்கம் ஒரு பெரிய காரணம் என்பது என் கருத்து.

உடம்பில் இரும்பின் சேமிப்பைக் காட்டுவது பெரிற்றின். முதலில் குறைவது அதுதான். ஹீமோகுளோபின் பிறகுதான் இறங்கும். கர்ப்பமில்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் லீற்றருக்கு 120 கிராமுக்குக் குறைந்தால் இரத்தச்சோகை என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆனால் 125 இருக்கும் பெண்ணுக்கும் சேமிப்பு வெறுமையாக இருக்கலாம். ஒன்ராறியோவின் ஆய்வுகூடங்கள் 2024இல் வளர்ந்தவர்களுக்கான பெரிற்றின் கீழெல்லையை 30 ஆக உயர்த்தின. அதனால் "எல்லாம் நோர்மல்" என்ற பழைய அறிக்கையை நம்பி இருக்க வேண்டாம். "பெரிற்றின் எத்தனை?" என்று கேளுங்கள்.

அடுத்தது, "பீற்றூட் சாப்பிடு, பேரீச்சம்பழம் சாப்பிடு" என்ற அறிவுரை. சாப்பாடு நல்லதுதான். ஆனால் வெறுமையான சேமிப்பை அதால் மட்டும் நிரப்புவது கடினம். கீரை, பருப்பில் உள்ள இரும்பு இறைச்சியில் உள்ளதைப்போல உடம்பில் சேராது. சோறு சாப்பிட்ட கையோடு குடிக்கிற தேத்தண்ணி அதையும் தடுக்கும். ஒரு மணித்தியாலமாவது பொறுத்துக் குடியுங்கள். தேசிக்காயோ தோடம்பழமோ சேர்த்தால் உதவும்.

குளிசை தந்தால் இரண்டு கிழமையில் நிறுத்துகிறவர்கள் எத்தனை பேர்! மலம் கறுப்பாகப் போவது வழமை. மலச்சிக்கல், வயிற்றுப்பிரட்டல் வந்தால் ஒன்றுவிட்ட ஒரு நாள் எடுக்கலாமா என்று வைத்தியரிடம் கேளுங்கள். சிலருக்கு அப்படி எடுப்பது நன்றாகவே வேலை செய்யும். ஹீமோகுளோபின் சரியான பிறகும் சேமிப்பு நிரம்ப ஏறத்தாழ மூன்று மாதம் தொடர வேண்டும். குளிசை ஒத்துவராவிட்டால் நாளத்தால் ஏற்றலாம்.

ஆனால் கடையில் தானாக வாங்கிப் போடாதீர்கள். எங்கள் ஆட்களில் சிலருக்குத் தலசீமியாக் கூறு உண்டு. அதிலும் ஹீமோகுளோபின் குறையலாம், ஆனால் இரும்பு குறைவாக இருக்க வேண்டியதில்லை. ஆண்களுக்கோ மாதவிடாய் நின்ற பெண்களுக்கோ இரும்பு குறைந்தால், குடலில் எங்காவது இரத்தம் கசிகிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். சில வேளை அது புற்றுநோயின் முதல் அறிகுறி.

இங்கே பிறந்து வளர்ந்த தம்பி தங்கைமாரிடம் ஒன்று கேட்கிறேன். அம்மாவை வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போகும்போது, "மொழிபெயர்ப்பாளர் ஒருவர் வேணுமா?" என்று முதலே கேளுங்கள். பிள்ளையிடம் சொல்லாததை அவரிடம் சொல்லக்கூடும். நீங்கள்தான் போக வேண்டுமென்றால், "மாதவிடாய் எத்தனை நாள் போகுது?" என்று வீட்டிலேயே கேட்டுவிடுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கடைசியில் அம்மாவுக்கு நாளத்தால் இரும்பு ஏற்றினார்கள். சில கிழமை கழித்து அவ சொன்னா: "எல்லாருக்கும் இப்பிடித்தான் இருக்கும் எண்டு நினைச்சனான்."